ஊர்ப் பாதுகாப்புக் குழு: கேமராவுக்கு முன்னால் என்ன செய்யணும்? (மதுரை கிராமப்புறம்)

கண்மாய்க்கரை:

செல்லம்பட்டி ஒன்றியத்தில் ஒரு ஊராட்சி. தாய்க்கிராமம் ஒன்று, குக்கிராமம் இரண்டு, காலனி ஒன்று. எல்லாம் சேர்த்து 600 தலைக்கட்டு (குடும்பம்). கொட்டத்தில் கட்டின ஆடு போகுது, தோட்டத்து மோட்டாரில் ஒயரை அறுத்துட்டுப் போறாங்க, பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்கு வரும் ஒன்றரைக் கிலோமீட்டர் ரோட்டில் பொழுது சாய்ஞ்சா பொம்பளையாளுக தனியா வரத் தயங்குறாங்க. போலீஸ், ஊராட்சி, ஊர்க்காரங்க சேர்ந்து ஒரு குழு போடலாம்னு பேச்சு. தலைக்கட்டுக்கு 300 ரூபாய் வசூலிச்சா 1,80,000 வரும், அதில் கேமரா மாட்டலாம் என்பது பெரும்பாலோர் கருத்து. இதில் விவரம் தெரிந்தவர்கள் எதை முதலில் செய்யணும், எது கெட்டுப்போகும் என்று சொல்லுங்க. கிராம சபைக்கு முன்னால் ஒரு திட்டம் எழுதணும்.

சாவடித்திண்ணை:

வசூலை நிறுத்தி வைங்க. முதலில் 40 ரூபாயில் எழுதுற நோட்டு ஒன்று வாங்குங்க. கடைசி ஒரு வருஷத்தில் போன பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: என்ன போச்சு, எந்த இடம், கடைசியாப் பார்த்த நேரம், இல்லைன்னு தெரிந்த நேரம், கிழமை, புகார் கொடுத்தாச்சா, ரசீது எண் என்ன. "ராத்திரி போச்சு" என்று எழுதாதீங்க. 9 மணிக்குப் பார்த்தோம், 4:30-க்குப் பால் கறக்க எழுந்தப்ப இல்லை என்று எழுதுங்க. அந்த இரண்டு நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் ரோந்துக்கு நேரம் குறிக்க உதவும். அதோடு வரைபடம் ஒன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடம் இருக்கும், அதன் நகலில் புள்ளி வைங்க. இருபது புள்ளி விழுந்தாலே எந்த வண்டிப்பாதையில் வர்றாங்கன்னு தெரிஞ்சிரும்.

குழு அமைப்பு: 12 முதல் 15 பேர், அதுக்கு மேல் வேண்டாம். மூன்று குடியிருப்பிலிருந்தும் காலனியிலிருந்தும் ஆள், அதில் பாதி பெண்கள். மகளிர் குழுக் கூட்டமைப்பில் ஒருவர், பால் சங்கத்தில் பால் அளந்து வாங்குபவர், ரேஷன் கடைக்காரர், கிராம உதவியாளர், பள்ளித் தலைமை ஆசிரியர் அவசியம். விடிகாலை நாலரைக்குத் தெருவில் நிற்பவர் பால்காரர்தான். அவர் பார்க்கிற வண்டியை வேறு யாரும் பார்க்க மாட்டாங்க. கூட்டத்தை ஊர்ச் சாவடியில் வைக்காதீங்க. பல ஊரில் சாவடித் திண்ணையில் காலனிக்காரர் சமமா உட்கார முடியாத நிலை இன்னமும் இருக்கு. ஊராட்சி அலுவலகம், நூலகம், பள்ளி, இந்த மூன்றில் ஒன்று.

இன்னொன்று: மதுரை மாவட்டத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. தலைவர் இல்லாத காலத்தில் தீர்மானம், தெருவிளக்குச் செலவு எல்லாம் வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாத்தான் நகரும். ஊராட்சிச் செயலரை முதல் நாளே சேர்த்துக்கோங்க. கிராம சபை நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் "ஊர் பாதுகாப்பு பற்றி விவாதிக்கப்பட்டது" என்று முடிச்சிருவாங்க. எந்தக் கம்பத்து விளக்கு, எத்தனை மீட்டர் புதர், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதச் சொல்லுங்க.

செப்புக்கம்பி:

ஒயர் திருட்டுக்கு மட்டும் சொல்றேன். போர்க்குழிக்குள் இறங்கியிருக்கும் ஒயரை இழுப்பது கஷ்டம். ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து போர் வாய் வரை தரையில் கிடக்கும் 20, 30 மீட்டரைத்தான் அறுக்கிறாங்க. கிணறாக இருந்தால் தொங்குற நீளம் முழுக்கப் போகும். மும்முனை மின்சாரம் இல்லாத நேரம் பார்த்து வர்றாங்க, அதனால் மின்சார நேர அட்டவணையைப் பார்த்தாலே ஆபத்தான மணி தெரியும்.

செய்ய வேண்டியது. தரையில் கிடக்கிற பகுதியை இரும்புக் குழாய்க்குள் விட்டு ஒன்றரை அடி ஆழத்தில் புதைங்க. போர் வாயில் கிளாம்ப் போட்டு நட்டின் தலையை வெல்டு வைங்க; ஆனால் மோட்டார் தூக்கும்போது அறுக்கணும் என்பதை மெக்கானிக்கிடம் சொல்லிருங்க. இந்தப் பகுதிக்கு மட்டும் அலுமினிய ஒயர் போட்டால் திருடனுக்கு ஆதாயம் குறைவு. 4 சதுர மி.மீ. செம்பு இருந்த இடத்தில் அலுமினியம் 6-ஆவது வேணும். செம்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் சும்மா முறுக்கி டேப் சுத்தினால் பச்சை பூத்து, சூடேறி, ஒரு பேஸ் விட்டு மோட்டார் எரியும். இரு உலோக லக் (ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் அலுமினியம் உள்ள இணைப்பு முனை) போட்டே இணைக்கணும். இந்தத் தப்பால் ஒயர் மிச்சமாகி மோட்டார் போன தோட்டங்கள் உண்டு.

மோட்டார் உடம்பு, ஸ்டார்ட்டர், மூடி மூன்றிலும் மின் இணைப்பு எண்ணைப் பஞ்ச் (எண் பொறிக்கும் இரும்பு அச்சு) வைத்து அடிங்க. ஒயரில் மீட்டருக்கு ஒரு இடத்தில் ஊருக்கென ஒரு நிறம் ஆயில் பெயிண்ட். ரப்பரை எரித்துச் செம்பை எடுத்துட்டா நிறம் போயிரும், உண்மைதான். ஆனால் எரிக்க இடம் வேணும்: ஓடை, கண்மாய் உள்வாய், சீமைக்கருவேலங்காடு. கருத்த புகை, ரப்பர் நாத்தம் இரண்டும் ஒரு கிலோமீட்டர் தெரியும். ஆடு மேய்ப்பவர்களிடம் சொல்லி வைங்க, எரிந்த இடத்தைப் பார்த்தால் யாரும் மிதிக்காமல் படம் எடுத்து அன்றைக்கே தகவல்.

காயலாங்கடைக்காரரைக் குழுவின் எதிரியா நினைக்காதீங்க. சுத்துப்பட்டுக் கடைகள் அத்தனைக்கும் நிலைய ஆய்வாளர் மூலமா ஒரே ஒரு வேண்டுகோள்: எரித்த செம்பு வந்தால் கொண்டு வந்தவர் அடையாள அட்டை நகல், வண்டி எண், எடை மூன்றும் நோட்டில். தெரிந்தே திருட்டுப் பொருள் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 317-ஆம் பிரிவில் தனிக் குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. நோட்டு அவரையும் காப்பாத்தும்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் யாரும் வேலிக்கோ ஸ்டார்ட்டர் பெட்டிக்கோ கரண்ட் கொடுத்து வைக்காதீங்க. சாகப்போறது பெரும்பாலும் பக்கத்துத் தோட்டத்துக்காரர், மாடு, அல்லது விடிகாலை தண்ணி பாய்ச்ச வந்த உங்க வீட்டு ஆளு.

கிடைக்காரர்:

ஆட்டுக்கு அடையாளம் இல்லாததுதான் முக்கால்வாசிப் பிரச்சினை. "வெள்ளாடு மூன்று, கறுப்பு" என்று புகார் எழுதினால் சந்தையில் நிற்கிற பாதி ஆடு அதுதான். ஒவ்வொரு ஆட்டுக்கும் நாலு படம்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம், காதுக் குறி. கூடவே பல் எத்தனை, கொம்பு எந்தப் பக்கம் வளைவு, கழுத்தில் தாடித் தொங்கல் உண்டா. காப்பீட்டுக் காதுவில்லை இருந்தால் அந்த எண். வில்லையைக் காதோடு அறுத்துருவாங்க, அதனால் காதுக் குறி தனியா வேணும். சுத்து வட்டாரத்தில் இரண்டு பேருக்கு ஒரே குறி இருந்தால் பிரயோஜனமில்லை. குழு உட்கார்ந்து பகிர்ந்து ஒரு பட்டியல் போடணும்.

திருமங்கலம் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமை. வியாழன் ராத்திரி தூக்கினால் விடியறதுக்குள் கைமாறும். ஆடு போனது தெரிந்த அரை மணி நேரத்துக்குள் படத்தோடு சந்தைக்கு இரண்டு பேர், நிலையத்துக்கு இரண்டு பேர். எல்லாரும் சேர்ந்து காட்டுக்குள் தேடப் போவதுதான் வழக்கமா நடக்கிற தப்பு. தீபாவளி, பக்ரீத், ஆடி மாசக் கிடாவெட்டு, இந்த மூன்றுக்கும் முந்தைய இரண்டு வாரம் கொட்டத்தில் காவல் படுங்க.

மூணுபேஸ்:

கேமரா பற்றி. கெட்ட பொருளா வாங்குவதால் இல்லை, தப்பான இடத்தில் தப்பான லென்ஸ் வைப்பதால்தான் காசு வீணாகும். கடைக்காரர் எல்லா இடத்துக்கும் 2.8 மி.மீ. லென்ஸ் தருவார். 10 மீட்டர் தள்ளி அது 20 மீட்டருக்கு மேல் அகலத்தைப் பார்க்கும். 4 மெகாபிக்சல் என்றால் குறுக்கே 2560 புள்ளி. பைக் பின்பக்க நம்பர் பிளேட் 20 செ.மீ.; அதுக்குக் கிடைப்பது 25 புள்ளி. நம்பர் படிக்கவே முடியாது. 12 மி.மீ. லென்ஸ் அதே தூரத்தில் 5 மீட்டர் அகலம்தான் பார்க்கும், பிளேட்டுக்கு 100 புள்ளி கிடைக்கும். ஊர் நுழைவுக்கு இரண்டு: குறுகிய லென்ஸ் நம்பருக்கு, அகல லென்ஸ் ஆள் எத்தனை, எந்தப் பக்கம் போனாங்க என்பதற்கு. ராத்திரியில் கேமரா வெளிச்சம் பிளேட்டில் பட்டு வெள்ளையா எரியும். நம்பர் கேமராவில் ஷட்டரை 1/500 நொடி அல்லது அதைவிட வேகமா வைங்க. மற்ற எல்லாம் இருட்டாத் தெரியும், பரவாயில்லை. வண்டி தானா வேகம் குறைக்கிற வளைவில் மாட்டுங்க.

சேமிப்பு: எச்.265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் என்றால் நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமரா 86 ஜிபி. 2 டெராபைட் டிஸ்க் மூன்று வாரத்தில் நிரம்பிப் பழையது அழியும். புகார், விசாரணை, அடுத்த ஊர்க் கேஸ் என்று வர ஒரு மாசம் ஆகும், அதனால் 4 டெராபைட்.

மின்சாரம்தான் எல்லாரும் கோட்டை விடும் இடம். தெருவிளக்கு லைனில் இணைப்பு எடுத்தால் பகலில் சுவிட்சை அணைச்சதும் கேமராவும் தூங்கிரும். ஊராட்சி அலுவலகம், பால் சங்கம் மாதிரி மீட்டர் உள்ள கட்டடத்திலிருந்து எடுங்க. நாலு கேமரா, பதிவுப் பெட்டி, சுவிட்ச், ரூட்டர் எல்லாம் 60 வாட்ஸுக்குள். 150 ஏஎச் பேட்டரி ஒன்று இன்வெர்ட்டரோடு இருந்தால் 12 மணி நேரத்துக்குக் குறையாது. எர்த் குழி தனியா போடலைன்னா ஐப்பசி இடிக்கு எல்லாம் போகும். சுவிட்சிலிருந்து கேமராவுக்கு நெட்வொர்க் ஒயர் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது.

பராமரிப்பு: ராத்திரி வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலை லென்ஸில் ஆடும்போது படம் முழுக்க வெள்ளை. 15 நாளுக்கு ஒரு தரம் நீளக் கம்பில் துணி கட்டித் துடைக்க ஆள் பெயர் எழுதுங்க. இணையம் இல்லாத பெட்டியில் கடிகாரம் மாசத்துக்குச் சில நிமிஷம் நகரும். வாரம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்து. வீட்டு வாசல், குளிக்கிற ஊருணிப் படித்துறை, குழாயடி எதுவும் படத்தில் விழக் கூடாது. மாட்டின அன்றைக்கே பெண்களை வைத்துத் திரையைப் பார்க்கச் சொல்லுங்க.

வசூல் 1,80,000-ஐயும் கருவிக்கே போட்டுராதீங்க. மூன்றில் ஒரு பங்கு அடுத்த மூன்று வருஷப் பராமரிப்புக்குப் பேங்கில் கிடக்கணும்.

வழக்குத்தாள்:

@மூணுபேஸ் சொன்னதோடு: படத்தை மானிட்டரிலிருந்து செல்போனில் பிடித்துக் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. பெட்டியிலிருந்து நேரடியா பென்டிரைவில் எடுங்க, பாரதிய சாட்சிய சட்டம் 63(4)-இன்படி சான்றிதழ் வேணும். அதில் இரண்டு பகுதி: ஒன்றில் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து; கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பை மாத்தலைன்னு காட்டும் எண்) வேணும். யார் பொறுப்பாளர் என்று தீர்மானத்திலேயே பெயர் இருந்தால் பின்னால் இழுபறி இல்லை. கடிகாரம் எத்தனை நிமிஷம் முன்பின் என்பதையும் எழுதிக் கொடுங்க.

இப்போ புகார். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள். இதில் ஊர்க்காரர் அறியாத ஒரு விஷயம் இருக்கு: திருட்டுப் பொருள் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால், முதல் முறை குற்றவாளி பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை, அது போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத வகைக்குப் போயிரும். ஒயர் போனால் "ஒயர் கொஞ்சம்" என்று எழுதாமல் நீளம், அளவு, புதுசு வாங்கின பில்லோடு மதிப்பை எழுதுங்க. மோட்டார் ரூமுக்குள் இருந்து போனதா, வெட்டவெளியில் இருந்து போனதா என்பதும் முக்கியம். பொருள் வைக்கும் கட்டடத்துக்குள் திருடினால் நியாய சன்ஹிதா 305-ஆவது பிரிவு, ஏழு வருஷம் வரை. வெளியில் என்றால் 303(2), மூன்று வருஷம் வரை. சங்கிலிப் பறிப்பு 304.

நிலையத்தில் மனு ரசீது மட்டும் கொடுத்தால் அதையும் வாங்கிக்கோங்க, எண்ணை நோட்டில் ஏற்றுங்க. மூன்று முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றத்தில் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்ய, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 173(3) இடம் தருது. அந்த 14 நாளைக் காலண்டரில் குறிச்சு வைங்க. பதிவு செய்ய மறுத்தால் 173(4)-இன்படி மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால். முதல் தகவல் அறிக்கை நகல் புகார்தாரருக்கு இலவசம். உங்க ஊராட்சி இரண்டு நிலைய எல்லையில் விழுதா என்று முதலில் பாருங்க. விழுந்தாலும் எந்த நிலையமும் வாங்கி மாற்றி அனுப்பணும்.

கண்மாய்க்கரை:

ரொம்ப நன்றி. ராத்திரி ரோந்துக்கு இளவட்டங்க தயாரா இருக்காங்க. அது சரியா வருமா? சந்தேக ஆளைப் பிடிச்சா என்ன செய்றது?

ராக்காவல்:

வரும் தம்பி, ஆனால் எல்லையைக் கோடு போட்டுக்கோங்க. இரண்டு ஷிப்ட்: 11 முதல் 2, 2 முதல் 5. ஷிப்டுக்கு நாலு பேர், இரண்டு இரண்டா, ஒருத்தருக்கு வாரம் ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். தினமும் வரச் சொன்னா மூன்றாவது வாரம் யாரும் வர மாட்டாங்க. பெயர்ப் பட்டியல் மாசத்துக்கு ஒருமுறை நிலையத்தில் கொடுங்க. டார்ச், விசில், வெளிச்சம் பட்டா மின்னுற ஜாக்கெட், பாம்புக்குக் கம்பு. அரிவாள், வேல்கம்பு கூடாது. குடிச்சவருக்கு அன்றைக்கு ரோந்து இல்லை. போகும் பாதையைத் தினமும் மாத்துங்க.

அடையாள அட்டையில் "போலீஸ்", "காவல்" என்ற சொல்லே வேண்டாம். 1993-இல் ராமநாதபுரத்தில் தொடங்கின போலீஸ் நண்பர்கள் இயக்கத்தை, சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் இறந்ததுக்கு அப்புறம் 2020 ஜூலையில் அரசு தடை செய்தது. வண்டியை மறிச்சு ஆர்சி கேட்பது, பையைத் திறந்து பார்ப்பது, நிலையத்தில் போய் விசாரணையில் உட்காருவது எதுவும் உங்க வேலை இல்லை. உங்க வேலை பார்க்கிறது, குறிக்கிறது, விளக்கடிக்கிறது, 112 அல்லது 100-க்குப் பேசுறது.

வழக்குத்தாள்:

பிடிப்பது பற்றி: கண் முன்னால் கைது செய்யத்தக்க, ஜாமீன் இல்லாத குற்றம் செய்தவரை, அல்லது தேடப்படும் குற்றவாளி என்று நீதிமன்றம் அறிவித்தவரை மட்டும் பொதுஜனம் பிடிக்கலாம், நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40. ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கணும். "சந்தேகம்" போதாது. கட்டி வைப்பது, அடிப்பது இரண்டும் பிடித்தவரைக் குற்றவாளியாக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்தல் வதந்தியில் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். வாட்ஸப்பில் ஒரு வரி போதும் அதுக்கு. உங்க குழுவில் ஒரே வடிவம் வைங்க: இடம், நேரம், வண்டி நிறமும் எண்ணும், போன திசை. ஆள் முகம், சாதி, "திருடன்" என்ற சொல் வந்தால் அட்மின் உடனே நீக்கணும்.

மேலக்காடு:

எல்லாம் சரி. ஆனா சுத்து ஊரில் பழைய கேஸ் உள்ள ஆளுகளை ஒரு பட்டியல் போட்டு வைத்தால் பாதி வேலை முடிஞ்சிரும். யார் வீட்டுக்கு ராத்திரி யார் வர்றாங்க என்று பார்க்கலாமே?

சாவடித்திண்ணை:

அண்ணே, இதை மட்டும் செய்யாதீங்க. நம்ம மண்ணில் அந்தப் பட்டியல் என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ஊர் ஊரா ஆம்பளைகளைப் பதிவு செய்து, ரேகை எடுத்து, ராத்திரி நிலையத்தில் படுக்க வைத்தாங்க. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் செத்தாங்க, அதில் ஒரு பெண்ணும் உண்டு. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் ரத்து. அந்தப் பேரப்பிள்ளைகள் இருக்கிற ஊரில் இன்னொரு குழு ஆள் பெயர் எழுதுவதை நான் ஏத்துக்க மாட்டேன். நடைமுறையிலும் அது தோல்விதான்: பட்டியலில் உள்ளவர் வீட்டையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க, எங்கிருந்தோ வண்டியில் வந்தவன் பின்வழியா ஆட்டோடு போவான். பெயரை விடுங்க, இடம், நேரம், பொருள் மூன்றையும் எழுதுங்க.

கூடவே இன்னொரு பழைய வழக்கம். துப்புக்கூலி. போன மாட்டைக் காட்டிக் கொடுக்க இடையாளுக்குப் பணம் கொடுக்கிறது. இப்போ அது பைக்குக்கும் மோட்டாருக்கும் நடக்குது. குழு ஒரு தடவை நடுவில் நின்று பணம் கைமாத்திட்டா, அப்புறம் அது கட்டப்பஞ்சாயத்து. கோயிலில் சத்தியம் வாங்குவது, அபராதம் போடுவது, ஊர்விலக்கு, இதுவும் அப்படியே. தீர்மானத்தில் "குழு பணம் வாங்காது, விசாரிக்காது, தீர்ப்பு சொல்லாது" என்று முதல் வரியிலேயே எழுதுங்க.

மேலக்காடு:

நியாயம்தான். பட்டியல் பேச்சை விட்டுட்டேன். அப்போ பகல் திருட்டுக்கு என்ன வழி?

வாசப்படி:

பகலில் வீடு உடைவது இரண்டு நேரம். நூறு நாள் வேலைக்குத் தெருவே கிளம்பிப் போகும் நேரம்; அழகர் ஆத்தில் இறங்குற நாள், ஊர்த் திருவிழா, முகூர்த்த நாள். நூறு நாள் வேலைக்குத் தெருவுக்கு ஒரு முதியவர் திண்ணையில், அவரிடம் ஒரு விசிலும் இரண்டு போன் எண்ணும். நிலைப்படி மேலே, பூந்தொட்டிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்குள் சாவி வைப்பதை விடுங்க. திருடன் முதலில் தடவிப் பார்ப்பது அங்கேதான். மகளிர் குழுவில் நாலு வீட்டுக்கு ஒருவர் சாவி வாங்கிக்கலாம். திருவிழாவுக்குப் போனால் பூட்டின வீட்டு விவரத்தை நிலையத்தில் எழுதிக் கொடுங்க, ரோந்துக்காரர் வந்து பார்ப்பார். போற படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடாதீங்க, திரும்பி வந்தப்புறம் போடுங்க.

பஸ் ஸ்டாப் ரோட்டுக்கு: அந்த வழியில் தினம் வர்ற பெண்களோடு சாயங்காலம் ஏழரைக்கு நடங்க. அவங்க எங்க நடையை எட்டிப் போடுறாங்களோ அங்க கம்ப எண்ணைக் குறிங்க. ரோட்டின் இரண்டு பக்கமும் 5 மீட்டர் சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கணும்; வெட்டினா மூன்றே மாசத்தில் முன்னைவிட அடர்த்தியாத் தழைச்சிரும். கடைசி பஸ் நேரத்துக்கு நாலைந்து பேராச் சேர்ந்து வர்ற பழக்கம் உண்டாக்கலாம். 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் பஸ் நிழற்குடையில் பெயிண்டில் எழுதுங்க. நோட்டீஸ் ஒரு மழைக்குத் தாங்காது.

கண்மாய்க்கரை:

திட்டத்தை இப்படி மாத்தி எழுதியிருக்கேன். முதல் மாசம் நோட்டு, வரைபடம், ஆட்டுப் படம், மோட்டாரில் மின் இணைப்பு எண் பொறிப்பது. இரண்டாம் மாசம் விளக்கு, கருவேலம், ரோந்து. மூன்றாம் மாசம்தான் கேமரா, அதுவும் ஒரு நுழைவுக்கு இரண்டு மட்டும். நிலையத்திலிருந்து நம்ம ஊருக்குப் பொறுப்பான காவலர் அடிக்கடி மாறுவாரே, தொடர்பு அறுந்து போகாமல் என்ன செய்யலாம்?

ராக்காவல்:

ஆளோடு சேர்த்து ஒரு கோப்பையும் பழக்குங்க. ஒரே பக்கம்: வரைபடம், விளக்கில்லாத இடம், ரோந்துப் பட்டியல், நிலுவைப் புகார் எண்கள், குழுவில் இரண்டு பேர் போன். மாசத்தில் முதல் செவ்வாய் மாதிரி ஒரு நாள் குறிச்சு, ஊரிலிருந்து இரண்டு பேர் நிலையத்துக்குப் போய்ப் பழைய பக்கத்தை வாங்கிட்டுப் புதுசைக் கொடுங்க. நிலைய எழுத்தரிடம் ஒரு நகல், ஆய்வாளரிடம் ஒன்று. புதுசா வர்ற காவலருக்கு முதல் வாரமே அந்தப் பக்கத்தைக் காட்டி ஊரை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க, பகலில் ஒருமுறை, ராத்திரி ஒருமுறை. போற இரண்டு பேரில் ஒருவர் பெண்ணா இருக்கட்டும், ஒருவர் காலனியிலிருந்து. ஒரே ஆளே எப்பவும் போனா, அவர் ஊருக்குள்ள "ஸ்டேஷன் ஆளு" ஆயிருவார், அப்புறம் யாரும் அவர்கிட்ட எதையும் சொல்ல மாட்டாங்க.